இரண்டு சில்லுகளின் கதை

யாழ்ப்பாணத்தில் 'சில்லு' என்றால் சைக்கிளுக்கும் மாட்டு வண்டிலுக்கும் பூட்டியிருப்பது. தமிழகத்தார் சக்கரம் என்பதைத்தான் நாம் சில்லு என்கிறோம். கணினி வந்த பின்னர் அதே சொல் இன்னொரு பொருளையும் தன்மேல் ஏற்றிக்கொண்டது. நகத்தளவுச் சிலிக்கன் துண்டொன்றில் ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் திரான்சிற்றர்களைப் பதித்துச் செய்த பொருளும் இன்று சில்லுதான். இரண்டுக்கும் பெயர்ப் பொருத்தத்தைத் தவிர வேறு உறவில்லை என்றே பலரும் எண்ணக்கூடும். ஆனால் 1990களின் முற்பகுதியில் கோப்பாயில் சுழன்ற சில்லும், அதே ஆண்டுகளில் ஐரோப்பிய ஆய்வுகூடங்களில் வரையப்பட்ட சில்லும் ஒரே கேள்விக்குத்தான் விடை தேடின. மிகச் சிறிதளவு மின்சாரத்தைக் கொண்டு ஒரு காரியத்தை எப்படிச் செய்து முடிப்பது என்பதே அக்கேள்வி.

முதலில் நமது சில்லைப் பார்ப்போம். 1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. அதைத் தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் மட்டுமன்றி, வானொலிக்கும் ரோச்சுக்கும் போடுகிற சாதாரணப் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. மண்ணெண்ணெய் பொன்னைப்போல் அளந்து செலவிடப்பட்டது. கோப்பாயின் செம்மண் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்தபோது, பழைய துலாக்கள் மீண்டும் நிமிர்ந்தன. பள்ளிப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தனர். போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய், நடுவில் மெல்லிய திரி. போத்தலின் சுவரே காற்றைத் தடுக்கும் சிமினியாக இருந்தது. எவர் முதலில் செய்தார் என்று எவருக்கும் தெரியாத அந்த விளக்கு சில வாரங்களிலேயே குடாநாடு முழுவதும் பரவிவிட்டது.

செய்தி அறிவதற்குத்தான் சைக்கிள் சில்லு உதவியது. பத்திரிகைகள் அச்சுத்தாள் இன்றிக் கிடைத்த தாள்களில் மெலிந்து வெளிவந்த காலம் அது. வெளியுலகச் செய்திக்கு இலண்டனிலிருந்து வந்த பீ.பீ.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையுமே மக்கள் நம்பியிருந்தனர். பற்றரி இல்லாத வானொலிப்பெட்டிக்கு உயிர் கொடுக்கச் சைக்கிளின் தைனமோ வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியோ ஸ்ராண்டில் ஏற்றியோ ஒருவர் மிதியைச் சுழற்ற, மற்றவர்கள் பெட்டியைச் சுற்றிக் குந்தியிருப்பர். செய்தி முடியும்வரை மிதிப்பவர் ஓயக்கூடாது. வேகம் தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் கம்மிப் போகும்.

இதில் இருந்த நுட்பத்தைச் சற்று விளக்க வேண்டும். சைக்கிள் தைனமோ பொதுவாக 6 வோல்ற் அழுத்தத்தில் 3 வாற் வலுவைத் தருவதற்காகச் செய்யப்பட்டது. அதன் மின்னோட்டம் திசை மாறி மாறி ஓடுவது. வானொலிக்கு வேண்டியதோ ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம். எனவே இடையில் டயோட்டுகளையும் ஒரு கொள்ளளவியையும் இணைக்க வேண்டும். பழுதடைந்த பெட்டிகளிலிருந்து அவற்றைக் கழற்றியெடுத்துப் பொருத்தித் தந்தவர்கள் சந்திகளில் இருந்த ரேடியோ திருத்துநர்கள். இன்னொன்றையும் அனுபவம் கற்றுத் தந்தது. திரான்சிற்றர் வானொலி ஒலியின் அளவுக்கேற்ப மின்சாரத்தை உண்பது. ஒலியைக் குறைத்தால் மிதிப்பவருக்குக் களைப்புக் குறையும். ஆகவே ஒலியைத் தாழ்த்திவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோயினர். தேவைக்கு மேல் ஒரு துளியும் செலவிடாதே என்ற பொறியியல் விதியை எந்தப் பாடப்புத்தகமும் இன்றி ஊர் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

இனி மற்றச் சில்லுக்கு வருவோம்.

குறைந்த மின்சாரத்தில் இயங்கும் இலத்திரனியலின் ஐரோப்பிய வரலாற்றைச் சுவிற்சர்லாந்தின் கைக்கடிகாரத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். 1962இல் நியூசாத்தல் நகரில், சந்தையில் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்த கடிகார நிறுவனங்கள் கூடி ஒரு பொது ஆய்வுகூடத்தை அமைத்தன. இலத்திரனியல் கடிகாரவியல் நிலையம் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். பொத்தான் அளவுப் பற்றரி ஒன்றை வைத்துக்கொண்டு ஓராண்டேனும் ஓடக்கூடிய கைக்கடிகாரத்தை ஆக்குவதே அவர்களின் பணி. அப்படியாயின் முழுச் சுற்றும் ஒரு வாற்றின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவில் அடங்க வேண்டும். 1967இல் அங்கு உருவான முன்மாதிரிகள் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களுள் அடங்கும். திரான்சிற்றரை முற்றாகத் திறக்காமல், அது ஏறத்தாழ மூடியிருக்கும் நிலையிலேயே வேலை வாங்கும் உத்தியை அங்கிருந்த எரிக் விற்றோஸ் முதலியோர் வளர்த்தெடுத்தனர். இன்றும் மிகக்குறை மின்வலுச் சுற்றுகளை வடிவமைப்போர் அந்த உத்தியையே கையாளுகின்றனர்.

ஆனால் கண்டுபிடித்தவன் வென்றான் என்று கதை முடியவில்லை. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது யப்பானின் செய்கோ நிறுவனம். அது 1969 டிசெம்பர் 25இல் நடந்தது. சுவிஸ் நிறுவனங்களோ தம் பழைய இயந்திரக் கடிகாரத்தின் பெருமையிலிருந்து விடுபடத் தயங்கின. 1970இல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த அந்தத் தொழிலில், 1980களின் நடுப்பகுதியில் 30,000 பேரளவிலேயே எஞ்சினர். 1983இல் சுவாட்ச் வந்த பின்னரே அத்தொழில் மூச்சுவிட்டது. ஆய்வுகூடத்தில் விதைத்தால் மட்டும் போதாது, களஞ்சியம்வரை கொண்டுசேர்க்க வேண்டும் என்பது ஐரோப்பா பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம்.

அந்தப் பாடத்தின் விளைவுகளுள் ஒன்றாகவே 1984இல் தொடங்கிய எஸ்பிரிற் திட்டத்தைக் கொள்ள வேண்டும். அமெரிக்காவும் யப்பானும் சில்லுத் தொழிலில் முன்னேறிச் செல்வதைக் கண்ட ஐரோப்பிய ஆணைக்குழு, எத்தியேன் தாவிஞோன் என்ற பெல்ஜியத்தவரின் முயற்சியால், பிலிப்ஸ், சீமென்ஸ், தொம்சன், ஒலிவெற்றி உள்ளிட்ட பன்னிரண்டு பெருநிறுவனங்களை ஒரே மேசையில் அமர்த்தியது. விதிகள் எளியவை. ஒரு நாட்டவர் தனித்து வரக்கூடாது. குறைந்தது இரண்டு உறுப்பு நாடுகளின் நிறுவனங்கள் சேர்ந்து வரவேண்டும். செலவில் பாதியைப் பொதுப்பணம் ஏற்கும், மறுபாதியை நிறுவனங்கள் போட வேண்டும். ஆய்வு சந்தைக்கு முந்திய கட்டத்தோடு நிற்கும்; அதற்குப் பின் அவரவர் போட்டி அவரவருக்கு. முதற்கட்டத்தின் மொத்த மதிப்பு 150 கோடி எக்கு. எக்கு என்பது யூரோவுக்கு முன்பிருந்த ஐரோப்பியக் கணக்கு நாணயம்.

1990களில் கைபேசி பரவத் தொடங்கியதும் மின்வலு முதன்மைச் சிக்கலாயிற்று. ஒரு கருவிக்குள் மறைந்திருந்து அதை நடத்தும் சிறு கணினியை உட்பொதிந்த கணினி என்பர். கைபேசியிலும் சலவை இயந்திரத்திலும் இதயமுடுக்கியிலும் இருப்பது அதுவே. அது உண்ணும் வலுவைத் தீர்மானிப்பவை மூன்று: சுற்றின் கொள்ளளவு, அது ஒரு நொடியில் எத்தனை தடவை துடிக்கிறது என்பது, மின்னழுத்தத்தின் வர்க்கம். மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் வலு நாலிலொன்றாகக் குறையும். துடிப்பைக் குறைத்தால் அந்த அளவுக்குக் குறையும். வேலையில்லாத பகுதியை உறங்கவிட்டால் இன்னும் குறையும். சொல்வதற்கு எளிது. ஆனால் மின்னழுத்தத்தைக் குறைத்தால் சில்லு மந்தமாகும், உறங்கியதை எழுப்ப நேரம் பிடிக்கும். இவற்றுக்கிடையே சமநிலை காணும் கலையையே 1990களின் பிற்பகுதியில் எஸ்பிரிற்றின் குடையின்கீழ்த் தொடங்கிய குறை மின்வலு வடிவமைப்பு முயற்சி தன் பொருளாக எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழகங்களும் சில்லு நிறுவனங்களும் சிறுசிறு திட்டங்களாகப் பிரிந்து இயங்கி, தாம் கண்ட முறைகளை மற்றவர்களுக்கும் பரப்ப முற்பட்டன.

அவற்றின் பின்னணியில் இருந்த ஒரு வேலையைக் குறிப்பிடுவது தகும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏக்கோர்ன் என்ற சிறு நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்ரீவ் ஃபேபரும் வடிவமைத்த ஆர்ம் என்ற செயலி 1985 ஏப்ரலில் முதன்முதல் இயங்கியது. மலிவான பிளாஸ்திக் உறையில் வெப்பம் தாங்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் வலுவைக் குறைத்தனர். சோதனையின்போது மின்மானி பூச்சியம் காட்டியது. பார்த்தால், சில்லுக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்பே பூட்டப்படவில்லை. சூழவிருந்த சுற்றுகளிலிருந்து கசிந்துவந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது! பின்னாளில் 1990இல் தனி நிறுவனமான ஆர்ம், 1997இன் இறுதியில் நோக்கியா அறிவித்த 6110 கைபேசி வழியாக உலகெங்கும் சென்றது. மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஃபேபர், பொதுவான துடிப்பே இல்லாமல், வேலை வரும்போது மாத்திரம் விழித்துக்கொள்ளும் அமியூலெற் என்ற செயலியை எஸ்பிரிற்றின் ஆதரவுடன் உருவாக்கினார். ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் இதே வழியில் சென்று, 1990களின் இறுதியில் அத்தகைய சில்லை பேஜர்களுக்குள் வைத்து விற்றது.

எஸ்பிரிற்றை வெற்றி என்று மட்டும் எழுதுவது முறையல்ல. பன்னிரு பெருநிறுவனங்களில் பல பின்னர் விற்கப்பட்டோ விழுங்கப்பட்டோ போயின. நிக்ஸ்டோர்ஃப் 1990இல் சீமென்சிடம் சென்றது. அதே ஆண்டில் பிரித்தானியாவின் ஐ.சீ.எல். யப்பானின் ஃபுஜிற்சுவின் கைக்குப் போனது. ஐரோப்பாவுக்கென்று ஒரு பெருங்கணினி நிறுவனம் எழவில்லை. எஞ்சியது வேறொன்று. எழுதிவைக்கப்பட்ட அறிவும், அதைக் கற்ற ஒரு தலைமுறைப் பொறியியலாளர்களும், நாடு கடந்து ஒருவரையொருவர் அறிந்திருந்த உறவும் எஞ்சின. நிறுவனம் மடிந்தாலும் அறிவு மடியவில்லை.

நமது சில்லையும் அவர்களது சில்லையும் பிரிக்கும் கோடு இதுதான் என்பது என் கருத்து. அதை இன்னும் கூர்மையாகக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. குடாநாட்டில் தைனமோ வானொலி பாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இலண்டனில் திரெவர் பெய்லிஸ் என்ற கண்டுபிடிப்பாளர் ஆபிரிக்காவில் எயிட்ஸ் பரவுவதைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைக் கண்டார். மின்சாரமும் பற்றரியும் இல்லாத மக்களுக்குச் செய்தி சென்றடைய வேண்டும் என்று எண்ணி, கையால் முறுக்கி இயக்கும் வானொலியைச் செய்தார். 1994இல் பீ.பீ.சி. தொலைக்காட்சி அதைக் காட்டியது. முதலீடு வந்தது, தென்னாபிரிக்காவின் கேப் ரவுனில் தொழிற்சாலை எழுந்தது, அரச விருதும் கிடைத்தது. அவர் அதற்கெல்லாம் உரியவரே. எனினும், அதே தேவைக்கு அதே காலத்தில் ஏறத்தாழ அதே விடையைக் கண்ட நமது ரேடியோ திருத்துநர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களிடம் காப்புரிமை கேட்டுச் செல்ல அலுவலகமில்லை, படம் பிடிக்க வந்த கமராவுமில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, செம்மணி வழியாகவும் கோப்பாய் வழியாகவும் நகர்ந்த சனத்திரளோடு அவர்களும் போயினர். திரும்பிவந்தவர்கள் சிலர், வராதவர்கள் பலர்.

இக்கட்டை அழகுபடுத்திப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பற்றரியைத் தடைசெய்தது அநீதி. மிதித்தவனின் கால் வலித்தது, ஜாம் போத்தல் வெளிச்சத்தில் படித்த பிள்ளையின் கண் கெட்டது. தட்டுப்பாடு தானாக அறிவியலைப் பெற்றுத்தராது. தட்டுப்பாட்டில் பிறந்த உத்தியை எவராவது எழுதி, அளந்து, அடுத்தவருக்குக் கற்பித்தால்தான் அது அறிவியலாகும். சுவிற்சர்லாந்துக்காரருக்கும் முதலில் இருந்தது பொத்தான் பற்றரி என்ற தட்டுப்பாடுதான். அவர்கள் அதைச் சுற்றி ஓர் ஆய்வுகூடத்தைக் கட்டினர். நாம் அதை நினைவில் மட்டும் வைத்துக்கொண்டோம். போருக்குள் வேறு வழியிருக்கவில்லை. போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்பும் அதே காரணத்தைச் சொல்ல முடியாது.

2022 மார்ச் இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்தபோது, தென்னிலங்கை நண்பர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று நம்மிடம் கேட்டனர். வாய்க்கதையாகச் சொன்னோம். காட்டுவதற்கு ஒரு வரைபடம் இருக்கவில்லை. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பற்றரியே இன்றி, கதவடியில் உள்ள கருவியின் அலையிலிருந்து மின்சாரம் பெற்று விழிக்கும் அட்டைகளை அந்த மாணவர்கள் தினமும் கையாளுகின்றனர். தைனமோவுக்கு டயோட்டு பூட்டிய கைகளில் சில இன்னும் நம்மிடையே உள்ளன. அவர்கள் எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கின்றனர். ஒரு மாணவன் ஒரு பின்னேரம் அவர்களில் ஒருவரிடம் சென்று, எந்தச் சுற்றைப் பூட்டினீர்கள், எத்தனை மணித்தியாலம் தாங்கியது என்று கேட்டு வரைந்துகொண்டால் போதும். அதற்கு ஆணைக்குழுவும் வேண்டாம், கோடிப் பணமும் வேண்டாம். கேட்பதற்குக் காலந்தான் அதிகமில்லை.