ஜெபர்சன் கணக்கும் ஜெர்மன் வாக்குச்சீட்டும்

ஜெர்மனியில் ஒருமுறையாவது நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தவர்களுக்கு அந்தச் சீட்டு நன்கு பழக்கமானது. இடப்பக்கம் கறுப்பு எழுத்தில் தொகுதி வேட்பாளர்கள், வலப்பக்கம் நீல எழுத்தில் கட்சிகள். பக்கத்துக்கு ஒரு புள்ளடி. முதல் வாக்கு ஆளுக்கு, இரண்டாம் வாக்கு கட்சிக்கு. புண்டஸ்டாக் எனும் நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு பலம் என்பதை முடிவுசெய்வது வலப்பக்கப் புள்ளடிதான். இரண்டே கட்சிகள் மாறிமாறி ஆளும் அமெரிக்காவுக்கு நேர் எதிரான ஏற்பாடு என்று இதைச் சொல்வார்கள். ஆனால் இந்தச் சீட்டை எண்ணும் கணக்கின் பூர்விகத்தைத் தேடிப்போனால், போய்ச் சேரும் இடமே அமெரிக்காதான்.

ஆண்டு 1792. தலைநகர் பிலடெல்பியா. இரண்டு வருடம் முன்பு எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கு கையில் இருந்தது. எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதில் சண்டை. மக்கள்தொகையை எதனால் வகுத்தாலும் மிச்சம் விழும். மிச்சம் அதிகமாக உள்ள மாநிலங்களுக்கு உபரி இடங்களைக் கொடுக்கலாம் என்பது அலெக்சாண்டர் ஹாமில்டன் ஆதரித்த வழி. எல்லா மாநிலத்துக்கும் ஒரே வகுஎண்ணைப் பிடித்து, பின்னத்தையெல்லாம் தூக்கி எறியலாம் என்றார் தாமஸ் ஜெபர்சன். பின்னத்தை எறிந்தால் சிறிய மாநிலம்தான் அதிகம் இழக்கும். ஜெபர்சனின் வர்ஜீனியாவோ நாட்டிலேயே பெரியது. ஏப்ரல் 5 அன்று, இன்னொரு வர்ஜீனியாக்காரரான அதிபர் வாஷிங்டன், ஹாமில்டன் வழியில் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அமெரிக்க அதிபர் ஒருவர் பயன்படுத்திய முதல் மறுப்புரிமை அதுவே. தொகுதி மறுவரையறை என்றதும் தமிழ்நாடு ஏன் பதறுகிறது என்று அறிந்தவர்களுக்கு இந்தச் சண்டையின் சூடு புரியும். 1832இல் டேனியல் வெப்ஸ்டர் மூன்றாவது வழி ஒன்றைச் சொன்னார்: பின்னம் அரைக்கு மேலென்றால் ஏற்று, கீழென்றால் இறக்கு.

மாநிலங்களுக்கிடையே இவ்வளவு நுணுக்கமாகப் பங்கு பிரித்த அதே நாடு, காங்கிரஸ் தேர்தலில் கட்சிகளுக்கிடையே பங்கு பிரிக்கவே இல்லை. 1842இல் ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர் என்று சட்டம் வந்தது. அதிக வாக்கு வாங்கியவருக்கே இடம். இரண்டாவது வந்தவரின் வாக்கு அத்தோடு போயிற்று. இப்படி நடக்கும் தேர்தல்கள் நாளடைவில் இரு கட்சி முறைக்கே இட்டுச்செல்லும் என்று 1951இல் பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் டுவெர்ஜே எழுதினார். வெல்லாதவருக்குப் போட்டு வாக்கை ஏன் வீணாக்குவது என்று தகப்பன் கேட்பதைப் பிள்ளை கேட்டு வளர்கிறது. தலைமுறை தாண்டினால் மூன்றாவது கட்சி என்ற நினைப்பே எழுவதில்லை.

கணக்கு மறுபடி தலைகாட்டியது பெல்ஜியத்தில். கென்ட் நகரச் சட்டப் பேராசிரியர் விக்டர் டோன்ட், கட்சிகள் வாங்கிய வாக்குக்கேற்ப இடம் பிரிக்க 1878இலும் 1882இலும் ஒரு முறையை வகுத்தார். 1899இல் பெல்ஜியம் அதைச் சட்டமாக்கியது. மாநிலம் என்ற இடத்தில் கட்சி என்று எழுதிப் பார்த்தால் அது அப்படியே ஜெபர்சனின் கணக்கு. பிரான்சில் ஆந்த்ரே சேன்ட்-லாகு 1910இல் கொண்டுவந்தது வெப்ஸ்டரின் வழியேதான்.

ஜெர்மனிக்கு விகிதாசாரம் மீது ஆசை வரக் காரணம் இருந்தது. 1907 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி 29 சதவீத வாக்கு வாங்கியது. கிடைத்தது 397இல் 43 இடம். கத்தோலிக்க மையக் கட்சி 19 சதவீதத்துக்கு 105 இடம் பெற்றது. பேரரசு விழுந்ததும் 1918 நவம்பர் 30 அன்று புதிய தேர்தல் விதிகள் வந்தன: பெண்களுக்கு வாக்கு, இருபது வயதில் வாக்கு, விகிதாசாரம். பிறகு 60,000 வாக்குக்கு ஓர் இடம் என்று வைமார் குடியரசு எளிமையாக்கியது. சிறு கட்சிகள் மழைக்காலக் காளான்களாக முளைத்தன. 1928இல் வெறும் 2.6 சதவீதம் வாங்கிய நாஜிக் கட்சிக்கும் 12 இடம் கிடைத்தது. நான்கே ஆண்டில், 1932 ஜூலையில், அது 37 சதவீதம் வாங்கி 230 இடங்களோடு முதல் கட்சியாயிற்று.

விகிதாசாரம்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தது என்ற குற்றச்சாட்டு அங்கிருந்து புறப்பட்டது. அதை அட்லாண்டிக் கடந்து எடுத்துப்போனவர் ஃபெர்டினான்ட் ஹெர்மன்ஸ். நாஜி ஆட்சியால் நாடு நீங்கி, அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1941இல் ‘ஜனநாயகமா, அராஜகமா?’ என்ற பொருள்படும் நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அவர் வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. எதிரணி சிதறிக் கிடக்க 37 சதவீதத்தோடு முதலிடத்தில் நின்ற கட்சிக்கு, தொகுதிவாரி முறை இன்னும் பெரிய வெற்றியைத் தந்திருக்கும்.

அதே காலத்தில் நியூயார்க் நகரமன்றம் விகிதாசாரத்தைப் பரீட்சித்துக்கொண்டிருந்தது. 1937இல் தொடங்கிய முறை 1941இல் ஆடம் கிளேட்டன் பவலை அந்த மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினராக்கியது. இரு கம்யூனிஸ்டுகளையும் உள்ளே அனுப்பியது. பனிப்போர்க் காற்று வீசியதும் 1947இல் நியூயார்க் அதைக் கைவிட்டது. அமெரிக்காவின் மிகப் பெரிய நகரம் மூடிய கதவை, அமெரிக்கப் படைகள் காவல் நின்ற ஜெர்மனி அடுத்த இரண்டு ஆண்டுக்குள் திறந்தது.

1948 செப்டம்பரில் பான் நகரில் அரசியல் சட்டம் எழுதக் கூடியவர்களில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினர் தொகுதிமுறை கேட்டார்கள். சமூக ஜனநாயகக் கட்சியினர் விகிதாசாரம் கேட்டார்கள். பிரிட்டிஷ் படை ஆண்ட வட்டாரங்களில் இரண்டையும் கலந்து ஏற்கெனவே தேர்தல் நடந்திருந்தது. ஆங்கிலேயருக்குத் தங்கள் ஊர் முறைமேல் பிடிப்பு. ஜெர்மானியருக்கு வைமார் பழக்கம் விடவில்லை. சமரசமாகப் பிறந்தது கலவை. அதுவே நாடு முழுமைக்கும் வந்தது: 60 சதவீத இடம் தொகுதிகளுக்கு, 40 கட்சிப் பட்டியல்களுக்கு, ஆளுக்கு ஒரே வாக்கு. ஏதாவது ஒரு மாநிலத்தில் 5 சதவீதமாவது வாங்காத, ஒரு தொகுதிகூட வெல்லாத கட்சிக்கு இடமில்லை என்ற நிபந்தனையைச் சேர்க்கவைத்தவர்கள் மாநில முதல்வர்கள். இந்த வாதம் பானில் நடக்கும்போதே, 1949 ஜனவரி 4 அன்று, டெல்லி அரசியல் நிர்ணய சபையில் காஜி சையத் கரீமுதீன் விகிதாசாரம் கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு அது சிக்கல், அரசும் நிலைக்காது என்று அம்பேத்கர் மறுத்தார். நாம் ஒரு பாதையில் போனோம், அவர்கள் இன்னொன்றில்.

ஒற்றை வாக்கை இரண்டாகப் பிரித்தது 1953. ஐந்து சதவீதம் நாடு முழுமைக்கும் என்றானதும் அப்போதே. 1956இல் சுவர் உயர்ந்தது: 5 சதவீதம் இல்லையென்றால் மூன்று தொகுதியாவது வெல்ல வேண்டும். டேனிஷ் வம்சாவளியினர் போன்ற தேசியச் சிறுபான்மையினரின் கட்சிகளுக்கு மட்டும் சுவரில் கதவு விட்டார்கள். அதன் வழியாக 2021இல் ஷ்லெஸ்விக் பகுதிக் கட்சி ஒன்று நாட்டளவில் 0.1 சதவீத வாக்கோடு ஓர் இடம் பெற்றது.

வாக்காளர்கள் இரண்டு புள்ளடியின் சூட்சுமத்தை மெல்லத்தான் கற்றார்கள். ஆரம்பத்தில் இரண்டையும் ஒரே கட்சிக்குப் போட்டவர்களே மிகப் பெரும்பாலோர். பிறகு பெரிய கட்சியின் ஆதரவாளர்கள், கூட்டாளியான சுதந்திர ஜனநாயகக் கட்சி சுவர் தாண்டட்டும் என்று இரண்டாம் வாக்கை அதற்கு இரவலாகக் கொடுக்கப் பழகினார்கள். 1972இல் அக்கட்சிக்கு விழுந்த முதல் வாக்கு 4.8 சதவீதம், இரண்டாம் வாக்கு 8.4.

அந்தக் கட்சியே இல்லாமல் போயிருக்க வேண்டியது. 1966 டிசம்பரில் இரு பெரிய கட்சிகளும் சேர்ந்து அரசமைத்தபோது, பிரிட்டன் போலத் தொகுதிமுறையைக் கொண்டுவர ஒப்பந்தம் போட்டன. ஜெர்மனியை இரு கட்சி நாடாக்கும் திட்டம் அது. ஹெர்மன்ஸும் அதற்குள் கொலோன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்து, அமெரிக்காவில் எழுதியதை அங்கே போதித்துக்கொண்டிருந்தார். 1968 மார்ச்சில் நியூரெம்பர்க் மாநாட்டில் சமூக ஜனநாயகக் கட்சி முடிவைத் தள்ளிப்போட்டது. உள்துறை அமைச்சர் பால் லூக்கே பதவி விலகினார். மறுவருடத் தேர்தலில் சுதந்திர ஜனநாயகக் கட்சி 5.8 சதவீதத்தோடு தப்பிப் பிழைத்தது. அதன் கைகொடுப்பால் வில்லி பிராண்ட் பிரதமரானார். கிழக்கு ஐரோப்பாவோடு அவர் செய்துகொண்ட சமாதானமெல்லாம் அந்தத் தள்ளிப்போடலால் சாத்தியமானது.

இதற்கிடையே எண்ணும் கணக்கும் மாறிக்கொண்டே வந்தது. 1983 வரை டோன்ட் முறை, அதாவது ஜெபர்சன். மார்பர்க் கணிதப் பேராசிரியர் ஹோர்ஸ்ட் நிமெயர் எடுத்துச்சொன்ன முறை 1987 முதல் 2005 வரை, அது ஹாமில்டன். 2009 முதல் சேன்ட்-லாகு, அது வெப்ஸ்டர். அமெரிக்கர்கள் மாநிலங்களுக்காகச் சண்டைபோட்ட மூன்று கணக்கையும் ஜெர்மனி கட்சிகளுக்காகப் போட்டுப் பார்த்துவிட்டது!

2005இல் கணக்கு ஒரு விபரீதத்தைக் காட்டியது. டிரெஸ்டன் நகரின் ஒரு தொகுதியில் வேட்பாளர் ஒருவர் இறந்துபோக, அங்கு மட்டும் வாக்குப்பதிவு இரண்டு வாரம் தள்ளி அக்டோபர் 2 அன்று நடந்தது. நாட்டின் மற்ற முடிவுகளெல்லாம் தெரிந்துவிட்டதால் நாளேடுகள் கணக்குப் போட்டன: கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி அங்கே சுமார் 41,000 இரண்டாம் வாக்குக்கு மேல் வாங்கினால் ஓர் இடத்தை இழக்கும். வாக்கு கூடினால் இடம் குறையும்! ஆதரவாளர்கள் புரிந்துகொண்டு வேட்பாளருக்கு 37 சதவீதமும் கட்சிக்கு 24 சதவீதமும் போட்டார்கள். 2008இல் அரசியல் சட்ட நீதிமன்றம், இப்படி நடக்க வழிவிட்ட விதி செல்லாது என்றது. அதைச் சரிசெய்யப் போய், கட்சிகள் தம் பங்குக்கு மேல் தொகுதிகளில் வென்ற உபரி இடங்களும், அவற்றைச் சமன்செய்ய மற்ற கட்சிகளுக்குத் தந்த ஈட்டு இடங்களும் பெருகி, 598 பேருக்கான அவை 2021இல் 736 ஆனது. 2023இல் 630 என்று வரம்பு கட்டினார்கள். அதன் விலை 2025 பிப்ரவரியில் தெரிந்தது: தொகுதியில் முதலாவதாக வந்த 23 பேருக்கு இடம் கிடைக்கவில்லை.

இவ்வளவு சிக்கல் இருந்தும் சீட்டு ஏற்றுமதியானது. நியூசிலாந்தில் 1978, 1981 இரு தேர்தலிலும் அதிக வாக்கு வாங்கிய தொழிற்கட்சி தோற்றது. 1986இல் அரச ஆணையம் ஜெர்மன் முறையைப் பரிந்துரைத்தது. சுவரை மட்டும் 4 சதவீதமாக்கச் சொன்னது. 1987 தொலைக்காட்சி விவாதத்தில் பிரதமர் டேவிட் லாங்கே இதற்கு வாக்கெடுப்பு நடத்துவதாக அறிவித்துவிட்டார். குறிப்பைத் தவறாகப் படித்துவிட்டார் என்பார்கள். சொன்ன சொல்லிலிருந்து இரு கட்சிகளும் நழுவ முடியவில்லை. 1993 வாக்கெடுப்பில் மக்கள் ஏற்றார்கள். 1996இல் முதல் தேர்தல், 5 சதவீதச் சுவரோடு.

இலங்கையின் கதை வேறு வழியில் வந்தது. 1977இல் பாதி வாக்கு வாங்கிய ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 இடங்களை அள்ளியது. ஏறத்தாழ 30 சதவீதம் வாங்கிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8. 18 இடம் வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1978 அரசியல் சட்டம் விகிதாசாரத்தைக் கொண்டுவந்தது. ஆனால் வெட்டுப்புள்ளி 12.5 சதவீதம். முஸ்லிம் காங்கிரஸின் அஷ்ரஃப் வலியுறுத்த, 1988இல் அது 5 ஆகக் குறைந்தது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் 60 சதவீதம் வட்டாரம், 40 பட்டியல், ஆளுக்கு ஒரே வாக்கு: 1949 ஜெர்மனியின் அதே அச்சு. பெர்லின் கண்ட நோயும் கூடவே வந்தது. உறுப்பினர் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகி 8,000ஐத் தாண்டியது.

இந்தியாவில் நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையிலான சட்ட ஆணையம் 1999இல் தன் 170ஆவது அறிக்கையில், மக்களவையில் 25 சதவீத இடங்களைக் கூடுதலாக உருவாக்கிப் பட்டியல் வழி நிரப்பலாம் என்றது. யாரும் அசைக்கவில்லை. 2024இல் தமிழ்நாட்டின் 39 இடங்களும் திமுக அணிக்கே போயின. 20 சதவீதம் வாங்கிய அதிமுகவுக்கும், 11 வாங்கிய பாஜகவுக்கும், 8 வாங்கிய நாம் தமிழருக்கும் ஒன்றுமில்லை. அதே வாக்குகளை இன்றைய ஜெர்மன் கணக்கில், 5 சதவீதச் சுவரோடு போட்டுப் பார்த்தேன்: திமுக 14, அதிமுக 10, பாஜக 6, காங்கிரஸ் 5, நாம் தமிழர் 4. இதில் நியாயம் அதிகம் என்றே நம்புகிறேன். ஆனால் இப்போது தலா இரண்டு இடம் வைத்திருக்கும் விடுதலைச் சிறுத்தைகளும் இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் சுவருக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். இந்தச் சீட்டைத் தமிழ்நாட்டுக்கு வரவழைக்க விரும்புகிறவர்கள், சுவரின் உயரம் எவ்வளவு, டேனிஷ் கட்சிக்கு விட்டதுபோல் இங்கே யாருக்குக் கதவு விடுவது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும்.