தாந்தேயின் காவியம் எவ்வகைப் பா?

இத்தாலியக் கவிஞர் தாந்தே (1265–1321) தம் பெருநூலைக் ‘கொமேதியா’ என்றே அழைத்தார். ‘தெய்வீக’ என்னும் அடை பிற்காலத்தார் சேர்த்தது. கொமேதியா என்றதும் நகைப்பு நாடகம் என எண்ணிவிடலாகாது. துயரில் தொடங்கி மகிழ்வில் முடிவது, எளிய நடையில் இயல்வது என்பதே அக்காலப் பொருள்.

அன்றைய பள்ளிகளில் மாணவர் கற்ற மற்றொரு பாவகை ‘சத்தீரா’. நாம் அங்கதம் என்போம். ஹொராஸ், ஜுவெனால் ஆகிய ரோமானியப் புலவர்களே இதற்கு ஆசான்கள். ஆட்டுக்கால் கொண்ட ‘சத்தீர்’ என்னும் வனதேவதைகள் ஆடையின்றித் திரிவதுபோல் இப்பாவும் ஒளிவுமறைவின்றிப் பேசும் என்று உரையாசிரியர்கள் பெயர்க்காரணம் கற்பித்தனர். சொல்லாராய்ச்சி பிழைதான், பலபண்டம் நிறைந்த தட்டைக் குறித்த இலத்தீன் சொல்லே அதன் மூலம். ஆயினும் இலக்கணம் நிலைத்துவிட்டது. நரகத்தின் முதல் வட்டத்தில் ஹொராஸைச் சந்திக்கும் தாந்தே, அவரை அங்கதப் புலவர் என்றே அறிமுகம் செய்கிறார்.

அதே காண்டத்தின் இறுதியில் இப்னு சீனாவும் இப்னு ருஷ்தும் (1126–1198) இடம் பெறுகின்றனர். அவர்களை அங்கே நிறுத்தியது முறையா என்பது வேறு வழக்கு. நமக்கு வேண்டுவது இப்னு ருஷ்து அரிஸ்டாட்டிலின் கவிதையியலுக்கு வரைந்த உரை. கிரேக்க நாடகத்தைக் கண்டறியாத அரபுலகில், அபூ பிஷ்ர் மத்தாவின் மொழிபெயர்ப்பு துன்பியலை ‘மதீஹ்’ (புகழ்ச்சி) என்றும், இன்பியலை ‘ஹிஜா’ (வசை) என்றும் பெயர்த்திருந்தது. இப்னு ருஷ்தும் அவ்வழியே சென்றார். 1256-இல் ஹெர்மன் என்பார் துலைத்துலாவில் (இன்றைய டொலேடோ) அவ்வுரையை இலத்தீனில் ஆக்கினார். கவிதையெல்லாம் புகழ்ச்சி அல்லது இகழ்ச்சி என்னும் கொள்கை இவ்வாறு இத்தாலியை அடைந்தது.

இதனைக் கையாண்டவர் பென்வெனூத்தோ. 1375-இல் பொலோன்யாவில் தாந்தேயின் நூலைப் பாடஞ்சொன்ன இவர், அதில் மூவகைப் பாவும் உண்டென்றார். எவருடைய பதவிக்கும் அதிகாரத்திற்கும் குலத்திற்கும் அஞ்சாது குற்றங்களைக் கண்டிப்பதால் அங்கதம் என்பதே மிகப் பொருந்தும் என்றும் துணிந்தார்.

இது வெறும் பெயர்ச்சண்டையன்று. திருச்சபைப் பதவிகளை விற்ற போப் மூன்றாம் நிக்கோலஸைத் தலைகீழாகக் குழியில் புதைத்து, உள்ளங்காலில் தீ எரியக் காட்டுகிறார் தாந்தே. கதை நிகழும் 1300-இல் உயிரோடிருந்த எட்டாம் போனிஃபாஸுக்கும் அதே குழி காத்திருக்கிறது. தாந்தே 1302-இல் நாடு கடத்தப்படக் காரணமானவர்களுள் அவரும் ஒருவர். எளியோரைப் பாடும் இன்பியலில் போப்புகளுக்கு ஏது இடம்? பெயர்சொல்லி இடித்துரைக்கும் உரிமையை அங்கத இலக்கணமே நல்கியது.

இவ்வளவு சொன்ன பென்வெனூத்தோவும், ஆசிரியர் இட்ட ‘கொமேதியா’ என்னும் பெயரை மாற்றவில்லை. தாய்மொழியின் எளிய நடையால் அப்பெயர் தகும் என்று அமைதி கூறி விட்டுவிட்டார்.