யானைக்கு முக்கால், சரக்குக்கு அரை

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலுள்ள தமிழ்க் கல்வெட்டைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் பதிப்பித்தார். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153-1186) ஏன் தமிழில் ஆணையிட்டான் என்பதே இன்றும் முதற் கேள்வியாக எழுகிறது. என் ஆர்வம் அந்த ஆணையிலுள்ள கணக்கில்.

ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், பரதேசி வணிகர்கள் வந்திறங்கலாம்; அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. கப்பல் உடைந்தால்? வாணிபக் கப்பலாயின் பாதி அரச பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பலாயின் பண்டாரத்துக்குக் கால் பங்குதான். முக்கால் பங்கு உடையவனுக்கு. யானை, குதிரை மீது தனக்குப் பிரியம் உண்டென்று காரணமும் சொல்கிறான் மன்னன். நெடுங்காலம் செய்தி மேசையில் இருந்தவனுக்கு ஓர் அரசாணையில் விதியைவிட விதிவிலக்கே முதலில் கண்ணில் படும். அன்று யானையும் குதிரையும் படைக்கலங்கள் அல்லவா? 'பிரியம்' என்பது நாகரிகமான சொல்.

1991இல் அறிமுகமான 'சிவிலைசேஷன்' கணினி விளையாட்டில் மூழ்கிக் கிடப்போருக்கு இச்சிக்கல் புதிதல்ல. கையிருப்பைக் கொண்டு புது நிலம் பிடிப்பதா, சந்தையை வளர்ப்பதா, படை திரட்டுவதா என்று ஒவ்வொரு முறையும் தீர்மானித்தாக வேண்டும். பராக்கிரமபாகுவோ மூன்றையும் ஒரே துறைமுகத்தின் மீது ஏற்றினான்.

அவனை வெறும் போர்வெறியன் எனத் தள்ளிவிட முடியாது. பராக்கிரம சமுத்திரம் அவன் பெயரை இன்றும் சொல்கிறது. அந்த விளைச்சலின் பலத்தில்தான் கடல் கடந்தான். 1165 அளவில் பர்மா மீது படையெடுத்தான். பர்மிய மன்னன் யானை விற்பனையைத் தடுத்து விலையை ஏற்றியதைக் காரணங்களுள் ஒன்றாகச் சூளவம்சம் கூறுகிறது. யானைகள் திரியும் இலங்கையின் மன்னன் யானை விலைக்காகக் கப்பற்படை அனுப்பினான்! 1169 அளவில் பாண்டிய வாரிசுப் போரில் தலையிட்டான். முதலில் வெற்றிகள் குவிந்தன. பின்னர் சோழர் கை ஓங்கியது. அவனுடைய தளபதி இலங்காபுரனின் தலை மதுரைக் கோட்டை வாயிலில் அறையப்பட்டதாகப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது.

அத்தோடு முடியவில்லை. பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களில் கப்பல் கட்டிப் படை சேர்ப்பதாகச் சோழருக்குத் தகவல் எட்டியது. இதைச் சொல்வது இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு. சோழத் தளபதி அண்ணன் பல்லவராயன், பராக்கிரமபாகுவின் மருமகனும் எதிரியுமான சீவல்லபனைப் படையுடன் அனுப்பினான். ஊர்கள் அழிந்தன, யானைகள் பறிபோயின. வணிகனுக்குப் பாதுகாப்பு என்று கல்லில் வெட்டிக் கொடுத்த அதே துறையை எதிரியின் இலக்காக்கியவை அங்கே கட்டப்பட்ட போர்க்கப்பல்களே.

பின்வந்த நிசங்கமல்லன் (1187-1196), பராக்கிரமபாகுவின் கடும் வரிகளால் மக்கள் வறுமையுற்றதாகவும், தான் வரிகளை நீக்கியதாகவும் கல்வெட்டுகளில் பறைசாற்றினான். பதவிக்கு வருபவர் முன்னவரைக் குறை கூறுவது எக்காலத்துக்கும் பொது. ஆகவே அதைச் சற்றுக் கழித்தே படிக்கவேண்டும். ஆனால் 1215இல் கலிங்க மாகன் பொலன்னறுவையைக் கைப்பற்றியபோது அவனைத் தடுக்கும் வலு அந்த அரசிடம் எஞ்சியிருக்கவில்லை.

ஊர்காவற்றுறையின் யானைக் கதை பின்னர் தலைகீழானது. போர்த்துக்கேயரும், 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும், வன்னி யானைகளை இதே துறையிலிருந்து இந்தியாவுக்கு ஏற்றி விற்றுப் பணம் பார்த்தார்கள். குதிரைகளை நெடுந்தீவில் வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்தவை என்று சொல்லப்படும் மட்டக்குதிரைகள் அங்கே இன்றும் கட்டுவாரின்றி மேய்கின்றன.