ஓமக்குளக் கரையில் ஒரு பள்ளிக்கூடம்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், அரசர்தம் செப்பேடுகளையும் கோயிற் கல்வெட்டுகளையும் தேடிச் செல்வது வழக்கம். அக்கல்வெட்டுகளில் நம் முன்னோர் ‘பறைச்சேரி’ என்னும் இடப்பெயராக நிற்கின்றனரேயன்றி, ஆட்களாகப் பெரிதும் நிற்கவில்லை. ஆயினும் நம் வரலாற்றைச் சொல்லும் கட்டடங்கள் சில உள. அவை பள்ளிக்கூடங்கள். அவற்றுள் ஒன்றின் கதையை, நம் சங்கத்தின் வெள்ளி விழாவாகிய இவ்வேளையில், இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். அது சிதம்பரம் நகரில் உள்ள நந்தனார் பள்ளியாகும். சிதம்பரமும் நம் கள்ளக்குறிச்சியும் 1993 வரை ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவையாதலின், இது நம் வீட்டுக் கதையே.

பள்ளியின் கதைக்கு முன், பள்ளி இருந்த இடத்தின் கதையைச் சொல்ல வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் ‘பொதுப் பள்ளி’ என்ற பெயர் பரவியது. ஆனால் அப்பள்ளிகளுட் பல அக்கிரகாரத்திலோ, கோயில் மண்டபத்திலோ, ஊர்ச் சாவடியிலோ நடைபெற்றன. நம் பிள்ளைகள் அத்தெருவிலேயே கால் வைக்க இயலாதபோது, பள்ளியில் எங்ஙனம் கால் வைப்பது? சேர்க்க மாட்டோம் என்று எவரும் எழுதி வைக்க வேண்டியதில்லை. கட்டடம் நின்ற இடமே அதைச் சொல்லிவிட்டது.

இந்நிலையை மாற்றப் பல முயற்சிகள் நடந்தன. 1893இல் சென்னை அரசாங்கம் பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. 1894இல் ஆல்காட் துரை சென்னை ஊரூரில் நம் மக்களுக்கென முதற் பள்ளியைத் திறந்தார். எளிதில் அணுக முடியாத இடங்களில் நடக்கும் பொதுப் பள்ளிகளை யாவரும் செல்லத்தக்க இடங்களுக்கு மாற்றுமாறு அரசாங்கம் 1919இல் ஆணையிட்டது. இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சட்டமன்றத்திற் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் எல்லார்க்கும் உரிமை உண்டென்று நிலைநாட்டியது. தெருவிலே நடப்பதற்குச் சட்டமன்றத் தீர்மானம் வேண்டியிருந்த காலம் அது என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அத்தீர்மானத்திற்கு எட்டாண்டுகட்கு முன்னரே சிதம்பரத்தில் ஒருவர் வேறு வழி கண்டார். அவர்தாம் சுவாமி சகஜானந்தர். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் எளிய ஆதிதிராவிடர் குடும்பத்திற் பிறந்தவர், இயற்பெயர் முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் பயின்றார். குடும்பத்தின் வறுமையால் கோலார் தங்கவயலுக்குச் சென்றார். பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் தமிழும் வேதாந்தமும் கற்றுத் துறவு பூண்டார். 1910இல் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

அவர் தேர்ந்துகொண்ட இடம் ஓமக்குளம். அது வெற்றிடமன்று. தில்லைக் கூத்தனைக் காண விழைந்த நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த இடம் இதுவென்பது மக்கள் வழக்கு. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கிய அடியவரைச் சேக்கிழார் திருநாளைப்போவார் என்று பாடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கதையைக் கீர்த்தனைகளாக்கி ஊரெங்கும் பரப்பினார். கதையைக் கேட்டு அனைவரும் கண்ணீர் விட்டனர். ஆயினும் நந்தனாரின் வழித்தோன்றல்கட்குக் கோயிற் கதவு திறக்கவில்லை. அடியவர் உள்ளே செல்லத் தீக்குளிக்க வேண்டியிருந்தது என்று கதை சொல்லும் அதே இடத்தில், நெருப்பின்றி உள்ளே செல்லத்தக்க வாயில் ஒன்றைச் சகஜானந்தர் அமைத்தார். 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தின் சார்பில் பள்ளி தொடங்கியது.

சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது 1947இல். கோயிற் கதவு சட்டத்தால் திறப்பதற்கு 31 ஆண்டுகட்கு முன்னரே பள்ளிக் கதவு நம் முயற்சியால் திறந்துவிட்டது. கோயில் நுழைவுக்காகவும் சகஜானந்தர் குரல் கொடுத்தவரே. ஆனால் பிறர் கதவைத் திறக்கும்வரை காத்திராது, நம் கதவை நாமே நாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் செயலால் விளங்கும் பாடம்.

இடம் நம்முடையதானபின் ஏனையவை தொடர்ந்தன. பள்ளிக்குத் துணையாக விடுதி எழுந்தது. தொலைவிலுள்ள சேரிகளிலிருந்து வரும் பிள்ளைக்குப் பாடத்திற்கு முன் சோறும் படுக்க இடமும் வேண்டும் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது. பெண் பிள்ளைகளின் கல்விக்கும் வழி செய்யப்பட்டது. சகஜானந்தர் பல்லாண்டுகள் சட்டமன்ற உறுப்பினராக இருந்தும், 1959இல் மறையும் வரை பள்ளியை விட்டு நீங்கவில்லை. அவர் நட்டது இன்று நந்தனார் பெயர் தாங்கிய அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியாகவும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியாகவும் நிற்கின்றது. அங்குப் பயின்றோர் தத்தம் ஊர்களில் ஆசிரியராகவும் அலுவலராகவும் விளங்கி, அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டினர்.

நம் பகுதிக்கு மீள்வோம். நமக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலை, நாடு விடுதலை பெற்ற பின்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்து, 1976இல்தான் அரசின் நேரடி நிருவாகத்திற்கு வந்தது. அம்மலைவாழ் மக்களின் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் எழுத்தறிந்தது எத்துணைக் காலந்தாழ்ந்த செய்தி என்பதை இவ்வாண்டே காட்டும். சேரியின் கதையும் மலையின் கதையும் ஒன்றே: கல்வி மறுக்கப்பட்டது அறிவின் குறையால் அன்று, அதனை அடையும் வழி அடைபட்டமையால்.

இளைஞர்களே! உங்கள் ஊர்ச் சேரியிலும் ஒரு பழைய பள்ளிக் கட்டடம் இருக்கும். ஓடு சரிந்தும் சுவர் வெடித்தும் இருப்பின், இடித்துவிடலாம் என்று எவரேனும் சொல்லக்கூடும். புதுக் கட்டடம் வருவது நன்றே, தடுக்க வேண்டா. ஆனால் இடிக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த மனை யார் கொடுத்தது? முதன்முதற் சேர்க்கைப் பதிவேட்டில் யார் யார் பெயர்கள் உள்ளன? அங்கே முதலிற் பாடம் சொன்ன ஆசிரியர் யார்? முதியோர் இருக்கும்போதே விடைகளை எழுதி வையுங்கள். அவர்கள் மறைந்தபின் கேட்பதற்கு ஆளிருக்காது.

கல்வெட்டு நமக்கு வெட்டித் தரப்படவில்லை. ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் நம் பாட்டன் பெயர் இருக்கின்றது. அதுவே நம் கல்வெட்டு. அதனைக் காப்பதும், அதில் புதிய பெயர்களைச் சேர்ப்பதும் நம் கடமையாகும்.