டர்பன் கடற்கரையின் கதை



கடற்கரை என்றதும் நமக்கெல்லாம் விடுமுறை நாள்தான் நினைவுக்கு வரும். புளிச்சோறு கட்டிக்கொண்டு, வாடகைப் பேருந்தில் குடும்பம் குடும்பமாக ஏறி, போர்ட்டிக்சனுக்கோ பினாங்குக்கோ போய் வருவோம். பிள்ளைகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அலையை நோக்கி ஓடுவார்கள். தண்ணீரில் இறங்கலாமா என்று அவர்கள் யாரையும் கேட்பதில்லை. கடல் எல்லாருக்கும் பொது என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை.

ஆனால் அந்தப் பொது உரிமை சட்டத்தால் மறுக்கப்பட்டிருந்த ஒரு கடற்கரையும் உலகில் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், இந்துமாக்கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கும் டர்பன் நகரக் கடற்கரையே அது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆளெடுக்கப்பட்டுப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்நகரில் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். ஆகவே அவர்கள் கதை நமக்கு அந்நியமான கதையன்று. வாருங்கள், அந்தக் கடற்கரையை நாம் ஒருமுறை மனக்கண்ணால் நடந்து பார்த்து வருவோம்.

டர்பன் கடற்கரை இன்று கலகலப்பான இடம். துறைமுக வாயிலிலிருந்து வடக்கே உம்கேனி ஆற்று முகத்துவாரம் வரை சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை போடப்பட்டிருக்கிறது. வெப்பமண்டலத்திலிருந்து வரும் அகுல்லாஸ் நீரோட்டம் அங்கே கடலை வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு செல்லும் பாலங்கள் பல உண்டு. ‘பியர்’ என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் இவை நம் ஊர் ஜெட்டியைப் போலத் தோன்றும். அலைச்சறுக்கு விளையாட்டு வீரர்கள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாலத்தின் முனை வரை நடந்து, அங்கிருந்தே கடலில் குதிப்பார்கள். கொம்பும் மணியும் வைத்த தலையணி தரித்த சூலு இனத்தவர்கள் ரிக்‌ஷா இழுத்துச் செல்வார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் மத்தி மீன் கூட்டங் கூட்டமாகக் கரையோரம் வரும்போது, வலையோடும் கூடையோடும் ஊரே திரண்டுவிடும்.

இந்தக் கடற்கரையின் தெற்கு முனையில் துறைமுக வாயில் இருக்கிறது. அதன் இரு பக்கமும் கடலுக்குள் நீண்டிருக்கும் கற்சுவர்களை அலைதாங்கிகள் என்று நாம் சொல்லலாம். நகரத்தின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது எனலாம்.

டர்பனில் இயற்கையே அமைத்துக் கொடுத்த அழகான ஒரு குடா இருந்தது. ஆனால் அதன் வாயிலில் மணல் திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது. அக்கரையோரமாக மணல் ஓயாமல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். வாயிலில் அது தேங்கித் திட்டாகிவிடும். பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாது. அவை வெளிக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, ஆள்களும் சாமான்களும் சிறு படகுகளில் ஏற்றப்பட்டு அந்தத் திட்டைத் தாண்டி வரவேண்டும். அலை பொங்கும் நாளில் அது ஆபத்தான பயணமாகும்.

1850-களில் ஜான் மில்ன் என்னும் பொறியாளர் இதற்கு ஒரு வழி சொன்னார். வாயிலின் இரு பக்கமும் சுவர் எழுப்பி அதைக் குறுக்கினால், குடாவிலிருந்து வடியும் நீர் வேகம் பெற்று மணலை அரித்துக்கொண்டு போகும் என்பது அவர் கருத்து. வடக்கு அலைதாங்கியின் வேலை அப்போதே தொடங்கிற்று. ஆனால் சுவரால் மட்டும் மணலை வெல்ல முடியவில்லை. பல பத்தாண்டுகள் சுவரை நீட்டியும், மணல்வாரும் கப்பல்களைக் கொண்டு தூர்வாரியும், பின்னரே வாயில் ஆழமாயிற்று. 1904 ஜூன் மாதத்தில்தான் ‘ஆர்மடேல் காசல்’ என்னும் பெரிய தபால் கப்பல் முதன்முதலாக மணல் திட்டைத் தாண்டித் துறைமுகத்துக்குள் நுழைந்தது.

இந்த இடைக்காலத்தில்தான் நம்மவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். நாட்டால் என்று அழைக்கப்பட்ட அந்தப் பிரிட்டிஷ் குடியேற்றத்தில் வெள்ளைத் துரைமார் கரும்பு பயிரிட்டனர். அந்நாட்டு மக்களான சூலு இனத்தவருக்குச் சொந்த வயலும் மாடும் இருந்தன. துரைமார் கேட்ட கூலிக்கும் கட்டுப்பாட்டுக்கும் அவர்கள் உடன்படவில்லை. ஆகவே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவர 1859-இல் சட்டம் இயற்றப்பட்டது. சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அந்தத் தேதியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் இவ்வாறு நாட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை எடுப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. நாட்டாலுக்கு அடுத்த ஆண்டில் நின்றது. அதாவது நம் முன்னோர்கள் ரப்பர் நட்ட காலமும் அவர்கள் கரும்பு வெட்டிய காலமும் ஒன்றோடொன்று சேர்ந்தே வந்தன. ஒரே ஊரில் பிறந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர் கிழக்கே போயிருப்பார், ஒருவர் தெற்கே போயிருப்பார்.

முதலாண்டில் அவர்களுக்கு மாதக் கூலி 10 ஷில்லிங். ஆண்டுதோறும் அது ஒரு ஷில்லிங் ஏறும். துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெகுதூரம் போக முடியாது.

எல்லாரும் கரும்புக்குப் போகவில்லை. இரயில் பாதை, துறைமுகம், நகராட்சி ஆகிய இடங்களிலும் இந்தியத் தொழிலாளர்கள் அமர்த்தப்பட்டனர். துறைமுக வேலையில் இந்தியர் உழைப்பும் கலந்திருக்கிறது. நகரத்துத் தெருக்களைக் கூட்டியவர்களும், குப்பை அள்ளியவர்களும் அவர்களே. நகராட்சித் தொழிலாளர்களுக்காக ‘மேகசின் பேரக்ஸ்’ என்னும் குடியிருப்பு கடலுக்கு அருகிலேயே கட்டப்பட்டது. அங்கிருந்தவர்களில் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. குடும்பத்துக்கு ஓர் அறை, பொதுக் குழாய், பொதுக் கழிவிடம் என்றிருந்த அந்த வாழ்க்கையை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது விளங்கும். அங்கேயும் கோயில் எழுந்தது, நாடகம் நடந்தது, பிள்ளைகள் பந்து விளையாடினார்கள்.

ஒப்பந்தம் முடிந்தவர்களில் சிலர் மீன்பிடித் தொழிலில் இறங்கினர். ஆடிங்டன் கடற்கரையில் படகில் வலையைக் கொண்டுபோய் வளைத்து விரித்துவிட்டு, கரையில் நின்று இரு முனையையும் இழுக்கும் கரைவலைத் தொழிலைப் பல தலைமுறைகள் செய்து வந்தார்கள். கையில் தூண்டில் பிடித்தவர்களுக்கு வடக்கு அலைதாங்கியின் கற்களே உட்காரும் இடமாயின.

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்களை விரட்டுவதற்கென்றே 1895-இல் ஒரு தலைவரிச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். மாதம் 10 ஷில்லிங் கூலி பெற்றவருக்கு அது ஆறு மாத உழைப்பாகும். 1913-இல் இந்த வரியை எதிர்த்து நாட்டாலின் இந்தியத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். காந்தியடிகள் முன்னின்ற அப்போராட்டத்தில் நிலக்கரிச் சுரங்கமும் கரும்புத் தோட்டமும் மட்டுமல்ல, டர்பன் நகரமும் சேர்ந்துகொண்டது. சிறை சென்று நோயுற்று உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மை நமக்குத் தெரிந்த பெயர். 1914-இல் அந்த வரி நீக்கப்பட்டது.

வரி போயிற்றே தவிர, பிரிவினை போகவில்லை. நகர நடுவிலிருந்த நல்ல கடற்பகுதி வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டது. தள்ளியிருந்த பகுதிகள்தாம் மற்றவருக்குக் கிடைத்தன. 1953-இல் பொது இடங்களைத் தனித்தனியே ஒதுக்கும் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. 1960-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் கடல்நீரும் அச்சட்டத்துக்குள் அடங்கிற்று. இந்தக் குளிக்கும் பகுதி வெள்ளை இனத்தவருக்கு மட்டுமே என்று ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், சூலு ஆகிய மூன்று மொழிகளில் மணலிலே பலகை நட்டார்கள். மேகசின் பேரக்ஸ் மக்களும் 1960-களில் அங்கிருந்து அகற்றப்பட்டு, உட்புறத்தில் சாட்ஸ்வொர்த் என்னும் இடத்தில் குடியேற்றப்பட்டனர். கடற்காற்று வீசும் தூரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்குக் கடலைப் பார்க்கப் பேருந்து ஏற வேண்டிய நிலை வந்தது.

அந்த ஆண்டுகளில்தான் டர்பன் அலைச்சறுக்குக்குப் புகழ் பெற்றது. 1969 முதல் அங்கே பெரும்போட்டி நடந்தது. 1972-இல் போட்டிக்கு வந்த ஹவாய்த் தீவு வீரர் எடி ஐகாவுக்கு, அவர் நிறத்தைக் கண்டு விடுதியில் அறை மறுக்கப்பட்டது. உள்ளூர் வெள்ளையர் குடும்பம் ஒன்று அவரைத் தங்கள் வீட்டில் தங்க வைத்தது. 1985-இல் உலக வீரரான ஆஸ்திரேலியர் டாம் கரோல், தென்னாப்பிரிக்காவில் இனி விளையாட மாட்டேன் என்று அறிவித்தார். போட்டிப் புள்ளிகளை இழப்போம் என்று தெரிந்தே அவர் அந்த முடிவை எடுத்தார்.

1989 செப்டம்பரில் டர்பன் மக்கள் பெருந்திரளாக ஆடிங்டன் கடற்கரைக்கு வந்தனர். ஆப்பிரிக்கர், இந்தியர், வெள்ளையர் எல்லாரும் அக்கூட்டத்தில் இருந்தனர். அவர்கள் ஆயுதம் எதுவும் எடுத்து வரவில்லை. தடைப் பலகையைக் கடந்து கடலில் இறங்கினார்கள். குளிப்பதே போராட்டமாக இருந்த நாள் அது.

அதே ஆண்டில் தென்னாப்பிரிக்க அதிபர் டி கிளார்க், நாட்டின் கடற்கரைகள் அனைத்தும் எல்லாருக்கும் திறக்கப்படும் என்று அறிவித்தார். அவர் அதை அறிவித்த நாள் நவம்பர் 16. ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்த அதே நாள். இடையே சரியாக 129 ஆண்டுகள் கழிந்திருந்தன. நாளைத் தேர்ந்ததில் யாருக்கும் நோக்கம் இருந்ததாக நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வகுப்பில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது, மறக்காமல் இருக்க நல்லதொரு தேதி அது. பொது இடச் சட்டமே 1990-இல் நீக்கப்பட்டது.

இன்று நாம் அங்கே போனால் பழைய வடக்கு அலைதாங்கியைப் பார்க்க முடியாது. பெரிய சரக்குக் கப்பல்கள் வருவதற்காக 2007 முதல் 2010 வரை துறைமுக வாயில் அகலமாக்கப்பட்டது. பழைய சுவரை இடித்து, வடக்கே தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். மணல் மட்டும் தன் பழக்கத்தை விடவில்லை. துறைமுகச் சுவர்கள் அதை மறிப்பதால் நகரக் கடற்கரை அரிக்கப்படுகிறது. அதனால் தெற்கே வாரிய மணலைக் குழாய் வழியாக வடக்கே இறைத்துத்தான் அக்கடற்கரையைக் காப்பாற்றி வருகிறார்கள்.

சுவர் போய்விட்டது. ஆனால் நாட்டாலுக்கு வந்தவர்களின் கப்பல் பதிவேடுகள் அழியவில்லை. பெயர், தந்தை பெயர், வயது, ஊர் என்று ஒவ்வொருவரையும் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். டர்பன் தமிழர்கள் அவற்றைப் புரட்டித் தங்கள் பாட்டன் எந்தக் கிராமத்தார் என்று கண்டுபிடிக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இப்படிச் சொல்ல ஏதாவது இருக்கும். நாகப்பட்டினமா சென்னையா, ரஜூலா கப்பலா அதற்கு முந்தியதா, கூட வந்தவர் யார் என்று இன்றிரவே கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.