உறங்கிய கணினி விழிக்காதது ஏன்?

புதிய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவியவர்களுக்குப் பழக்கமான சில நோய்கள் உண்டு. வை-ஃபை கிடைக்காது. மூடியை மூடினால் உறங்கிவிடும் கணினி, திறந்தால் விழிக்காது. சில வேளைகளில் திரை கறுத்துப்போய் நிற்கும். அதே கணினியில் விண்டோஸ் எந்தச் சிணுங்கலும் இன்றி ஓடும். ஆகவே பழி லினக்ஸின் மேல் விழுகிறது. இல்லையேல் நிறுவியவர், தமக்கு இதெல்லாம் வராது என்று தம்மையே நொந்துகொள்கிறார். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள் என்பது நம் எண்ணம். இந்நோய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு பொருளை விற்றவர்கள், அது எப்படி இயங்குகிறது என்ற அறிவை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்ட வரலாறு அது.

சிக்கல் லினக்ஸைவிட மூத்தது. 1980ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியை அளித்தது. தாள் சிக்கிக்கொண்டால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பும் வசதியை அதில் சேர்க்க விரும்பினார் அங்கு பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன். பழைய அச்சுப்பொறியில் அதைச் செய்திருந்தார். புதியதற்கோ மூலநிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரிடம் நேரில் கேட்டபோது, எவருக்கும் தருவதில்லை என வாக்களித்திருப்பதாகக் கூறி அவரும் மறுத்துவிட்டார். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்துக்கு இந்த மறுப்பும் ஒரு வித்து. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பிறப்புக் கதையிலேயே அடம்பிடிக்கும் ஒரு கருவி இருப்பது கவனிக்கத்தக்கது.

ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று தம் இயங்குதளத்தைப் பற்றி முதன்முதலில் அறிவித்தபோது, தம்மிடம் உள்ள வகை வன்தட்டைத் தவிர வேறெதையும் அது ஒருபோதும் ஆதரிக்காமலே போகலாம் என்று எழுதினார். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு 386 கணினி. பிற கருவிகளைப் பிறர் சேர்த்தார்கள். கருவியோடு பேசத் தெரிந்த மென்பொருள் துண்டைத்தான் டிரைவர் என்கிறோம்; அவரவர் மேசையில் இருந்த கருவிக்கு அவரவர் டிரைவர் எழுதினர். மேசைக்கணினிக்கு இந்த முறை பொருந்தியது. ஒத்துவராத அட்டையைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகலாம். மடிக்கணினியிலோ பெரும்பாலான உறுப்புகள் பற்றவைக்கப்பட்டவை. தயாரித்தவர் எந்தச் சில்லைத் தேர்ந்தாரோ அதனோடுதான் வாழ்ந்தாக வேண்டும். அவர் சோதித்துப் பார்த்ததும் பெரும்பாலும் விண்டோஸில் மட்டுமே.

உறக்க நோயை முதலில் எடுத்துக்கொள்வோம். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் ஏசிபிஐ என்ற பொது வரையறையை வெளியிட்டன. அதற்கு முன்பு கணினியை உறங்கவைப்பது பெரிதும் பயாஸின் வேலையாக இருந்தது. ஏசிபிஐ அப்பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது. மூடி மூடப்பட்டால் என்ன செய்வது, மின்கலத்தில் எவ்வளவு மீதம் என்பதை எப்படி அறிவது என்பனவற்றைச் சிறு நிரல்களாக ஒரு அட்டவணையில் எழுதித் தயாரிப்பாளர் கணினிக்குள் பொதிந்து வைப்பார். இயங்குதளம் அதைப் படித்து நிறைவேற்றும். வரையறை எல்லோரும் படிக்கக்கூடியது. ஆனால் அட்டவணைகளில் பிழைகள் மலிந்திருந்தன. மைக்ரோசாஃப்டின் கம்பைலர் ஏற்றுக்கொண்ட பிழைகள் சிலவற்றை இன்டெலின் கம்பைலர் நிராகரித்தது. சில அட்டவணைகள், நீ எந்த இயங்குதளம் என்று கேட்டுவிட்டு, விடைக்கேற்ப வெவ்வேறு வழியில் சென்றன. லினக்ஸ் தன் பெயரைச் சொன்னால் எவரும் சோதித்திராத பாதையில் போய் விழும். ஆகவே நாளடைவில் லினக்ஸ் கெர்னல் தன் பெயரைச் சொல்வதை நிறுத்தி, தன்னை விண்டோஸ் என்றே சொல்லிக்கொள்ளப் பழகியது. இன்றும் அப்படித்தான்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஏசிபிஐயின் நீட்சிகளை எப்படியாவது விண்டோஸுக்கே உரியவையாக ஆக்கிவிட முடியாதா என்று 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தம் அலுவலர்களுக்கு எழுதிய மின்னஞ்சல், பின்னர் அயோவா மாநில வழக்கொன்றில் சான்றாவணமாக வெளிவந்தது. அந்த எண்ணம் நிறைவேற்றப்பட்டது என்பதற்கு அம்மடலே சான்றாகாது. சதி எதுவும் தேவைப்படவும் இல்லை. ஒரே ஒரு இயங்குதளத்தில் மட்டும் சோதித்துவிட்டுச் சந்தைக்கு அனுப்பும் சோம்பலே போதுமானதாக இருந்தது.

வை-ஃபையின் கதை இதைவிடக் கடினமானது. இங்கே வரையறையே கிடைக்கவில்லை. 2000களின் நடுவில் எண்ணற்ற மடிக்கணினிகளில் பிராட்காம் நிறுவனத்தின் சில்லுகள் இருந்தன. அவற்றுக்குத் திறந்த டிரைவரும் இல்லை, ஆவணமும் இல்லை. முதல் மாற்றுவழி விந்தையானது. 2003இல் தோன்றிய என்டிஸ்ராப்பர் என்ற மென்பொருள், விண்டோஸுக்காக எழுதப்பட்ட டிரைவரை லினக்ஸுக்குள்ளேயே ஏமாற்றி ஓடவைத்தது. வேலை நடந்தது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று எவருக்கும் தெரியாது. பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை.

இரண்டாவது வழிக்குப் பொறுமை வேண்டியிருந்தது. ஒரு குழு மூடிய டிரைவரைக் கூர்ந்து ஆராய்ந்து, சில்லிடம் எந்த எண்ணைக் கொடுத்தால் என்ன நடக்கிறது என்று ஆவணம் எழுதியது. இன்னொரு குழு, மூல டிரைவரை ஏறெடுத்தும் பாராமல், அந்த ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு புதிய டிரைவரை எழுதியது. பார்த்தவர் எழுதவில்லை, எழுதியவர் பார்க்கவில்லை. காப்புரிமைக் குற்றச்சாட்டுக்கு இடம் தராதிருக்க இந்த ஏற்பாடு. 2006 ஜூனில் வெளியான 2.6.17 கெர்னலில் அந்த டிரைவர் இடம்பெற்றது. அப்போதும் ஒரு குறை இருந்தது. சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரை விநியோகிக்க உரிமை இல்லை. பயனர் தாமே விண்டோஸ் டிரைவர் கோப்பிலிருந்து அதை வெட்டியெடுக்க வேண்டும். அதற்கென்றே ஒரு சிறு கருவி இருந்தது. அக்கோப்பைப் பதிவிறக்கவோ இணையம் தேவை; இணையத்துக்கோ அந்த ஃபர்ம்வேர் தேவை. அண்டை வீட்டிலிருந்து கம்பி இழுத்தவர்கள் எத்தனை பேரோ! பிராட்காம் தானே ஒரு திறந்த டிரைவரை வெளியிட்டது 2010 செப்டம்பரில்தான். அதுவும் தன் புதிய சில்லுகளுக்கு மட்டும்.

மூன்றாவது தடை, கணினி எழும் வாசலிலேயே வந்தது. விண்டோஸ் 8 முத்திரை பெறும் கணினிகளில் செக்யூர் பூட் இயக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2011இல் மைக்ரோசாஃப்ட் நிபந்தனை விதித்தது. கையொப்பமிடப்படாத இயங்குதளத்தை யூஇஎஃப்ஐ ஏற்ற மறுக்கும். ஒப்பத்தைச் சரிபார்க்கும் சாவியோ மைக்ரோசாஃப்டினுடையது. தீய நிரல்களைத் தடுக்க இது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வாங்கிய வீட்டின் சாவி வேறொருவரிடம் இருப்பது எவ்வகை உடைமை? இந்த ஆபத்தை 2011 செப்டம்பரிலேயே எழுதி எச்சரித்தவர் மேத்யூ காரெட். இன்டெல் வகைக் கணினிகளில் உரிமையாளர் இக்காவலை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பதையும் மைக்ரோசாஃப்ட் நிபந்தனையாக்கியது. விண்டோஸ் 10 வந்தபோது அதைத் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. காரெட் முன்னின்று உருவாக்கிய ஷிம் என்ற சிறு நிரல், மைக்ரோசாஃப்டின் ஒப்பத்தைப் பெற்றுக்கொண்டு வாசலைத் திறந்து, பின்னால் வரும் லினக்ஸை உள்ளே விடுகிறது. இன்று முதன்மையான லினக்ஸ் வெளியீடுகள் பலவும் அவ்வழியாகத்தான் நுழைகின்றன.

2013 ஜனவரியில் நடந்தது இன்னும் பாடமானது. சில சாம்சங் மடிக்கணினிகள், யூஇஎஃப்ஐ வழியாக லினக்ஸைத் துவக்கியதும் மீளா உறக்கத்தில் ஆழ்ந்தன. செங்கல்லாகிவிட்டது என்பார்கள். உலகமே லினக்ஸைக் குற்றம் சொன்னது. ஆனால் ஃபர்ம்வேரின் நினைவகம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிரம்பினால் அக்கணினிகள் எழாமல் போகும் என்பதையும், விண்டோஸில் இருந்தபடியே அதே கதியை வரவழைக்க முடியும் என்பதையும் காரெட் காட்டினார். லினக்ஸ் குழியை வெட்டவில்லை. முதலில் விழுந்தது, அவ்வளவே.

காலம் மாறாமலும் இல்லை. 2007 மே மாதம் டெல் நிறுவனம் உபுண்டு நிறுவிய கணினிகளை விற்கத் தொடங்கியது. என்விடியாவின் ஒத்துழையாமையை 2012இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் டோர்வால்ட்ஸ் நாகரிகம் பாராமல் கண்டித்தார். பத்தாண்டு கழித்து, 2022 மே மாதம், அந்நிறுவனம் தன் கெர்னல் டிரைவரின் மூலநிரலைத் திறந்தது. எனினும் அதனோடு இயங்கும் ஃபர்ம்வேர் மூடியதாகவே இருந்தது.

இங்கேதான் உண்மையான சங்கடம் இருக்கிறது. கட்டற்ற கோட்பாட்டில் உறுதிமிக்க டெபியன் குழு, மூடிய ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவி வட்டில் பல்லாண்டுகள் சேர்க்கவில்லை. கொள்கை காப்பாற்றப்பட்டது, ஆனால் எத்தனையோ புதியவர்கள் வை-ஃபை இல்லாமல் வாசலிலேயே திரும்பிப்போனார்கள். 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அக்கதவைத் திறந்தனர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 ஃபர்ம்வேரோடு வந்தது. இதைத் தோல்வி என்போரும் உண்டு, கருணை என்போரும் உண்டு. நாம் இரண்டாமவர் பக்கம். ஆனால் முதலாமவர் சொல்வதை மறந்துவிடலாகாது. நோயின் வலி தெரியாமல் போயிருக்கிறது, நோய் போய்விடவில்லை.

ஆகவே புதிய மடிக்கணினி முரண்டு பிடிக்கும்போது, இயங்குதளத்தை மீண்டும் மீண்டும் நிறுவுவதால் பெரும்பாலும் பயனில்லை. உள்ளே இருப்பது எவருடைய சில்லு, எந்த எண் என்று முதலில் அறிய வேண்டும். கெர்னல் துவங்கும்போது எழுதிவைக்கும் குறிப்புகளைப் படித்தால், டிரைவர் இல்லையா, ஃபர்ம்வேர் இல்லையா, ஒப்பமில்லாததால் செக்யூர் பூட் தடுத்ததா என்பது பல நேரங்களில் தெரிந்துவிடும். மிகப் புதிய சில்லுக்குப் புதிய கெர்னல் வேண்டியிருக்கும். அப்படியும் தீராவிடில், அந்தக் குறிப்புகளோடு பிழையைக் கெர்னல் குழுவினரிடம் தெரிவிப்பதே சிறந்த கைங்கரியம். இன்று நம் கணினி உறங்கி விழிப்பது, முன்னொரு நாள் முகமறியாத ஒருவர் தம் கணினி விழிக்காத கதையைப் பொறுமையாக எழுதி அனுப்பியதால்தான்.