மோட்டார் வண்டியின் ஊசி

மோட்டார் வண்டியின் வரலாறு என்றவுடன் பெரிய தொழிற்சாலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. நானோ, விரல் நீளமும் இல்லாத ஒரு பித்தளை ஊசியின் வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

பெட்ரோலைக் காற்றுடன் அளவறிந்து கலந்தால்தான் எஞ்சின் செம்மையாக ஓடும். எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் கரி படியும். குறைந்தால் எஞ்சின் தடுமாறும். இக்கலவையை ஆக்கித் தரும் கருவியே கார்புரேட்டர்.

இங்கிலாந்தில் காலணி வாணிகம் செய்த குடும்பத்தில் பிறந்தவர் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர். வண்டி மெல்லச் சென்றாலும் விரைந்து சென்றாலும் கலவை கெடாதிருக்க வழி தேடினார் அவர். அவரும் உடன்பிறந்தாரும் முயன்றதன் பயனாக 1910-இல் எஸ்.யு. நிறுவனம் தோன்றியது. ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கமே அப்பெயர். 1926-இல் வில்லியம் மாரிஸ் அதனை விலைக்கு வாங்கினார். 1959-இல் வெளிவந்த மினி வண்டியிலும் இக்கார்புரேட்டரே இருந்தது.

இதன் அமைப்பு எளியது. எஞ்சின் இழுக்கும் காற்று மிகுந்தோறும் உள்ளிருக்கும் பிஸ்டன் மேலே எழும். அதன் அடியில் பொருத்திய ஊசி, பெட்ரோல் வரும் துளைக்குள் நிற்கும். ஊசி கீழே வரவர மெலிந்திருப்பதால், பிஸ்டன் எழும்போது துளையில் இடைவெளி பெருகி, மிகுதியான பெட்ரோல் வெளிவரும்.

இனி ஒரு கணக்கைப் பாருங்கள். துளையின் விட்டம் 0.090 அங்குலம், ஊசியின் விட்டம் ஓரிடத்தில் 0.080 அங்குலம் என்று கொள்வோம். அவ்விடத்தில் ஊசியைத் தேய்த்து 0.079 ஆக்கினால், இடைவெளியின் பரப்பு நூற்றுக்கு 9 பங்குக்கு மேல் கூடிவிடும்! தலைமயிரினும் மெல்லிய மாற்றத்தால் எஞ்சினின் போக்கே மாறுகின்றது.

ஆகவே நிறுவனத்தார் நூற்றுக்கணக்கான ஊசிகளைச் செய்து, எழுத்துக் குறியிட்டு, எட்டில் ஓர் அங்குலத்திற்கு ஒரு முறை விட்டத்தை அளந்து அட்டவணையாக்கினர். எஞ்சினை மாற்றியமைத்தோர் தமக்குரிய ஊசியை அவ்வட்டவணையில் தேடினர். கிடைக்காதபோது, ஊசியைச் சுழலவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தனர்.

அவ்வேலை இன்றும் முடியவில்லை. 2021 செப்டம்பரில் பிரிட்டனில் நூற்றுக்கு 10 பங்குவரை எத்தனால் கலந்த பெட்ரோல் பொதுவழக்கிற்கு வந்தது. எத்தனால் தன்னுள்ளே ஆக்ஸிஜன் உடையது. ஆதலால் பழைய ஊசி தரும் கலவையில் எரிபொருள் சற்றுக் குறைந்துவிடுகின்றது. பழைய வண்டியைக் காப்போர் சிலர் மீண்டும் ஊசியை ஆராய வேண்டியதாயிற்று.

தேய்த்த பித்தளை திரும்ப வளராது. ஆதலின், தேய்க்குமுன் பழைய அளவுகளை எழுதி வைப்பவரே நல்ல தொழிலாளர். அக்குறிப்பு இருந்தால், அடுத்த தலைமுறையினர் அவ்வூசியை மீண்டும் செய்துகொள்ளலாம். இல்லையேல், பழைய வண்டி எவ்வாறு ஓடிற்று என்னும் செய்தியே மறைந்துபோகும்.